ஓவரியை எடுக்க முடிவாகிவிட்டது, மார்புக்குத்தான் மனம் வரவில்லை: செய்துகொண்டவர்கள் சொல்லுங்கள்

தையல்காரி, பிறை

எல்லாருக்கும் வணக்கம். இரண்டு மாதமாக இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்றைக்குக் காலையிலிருந்து கரண்ட் இல்லை, மெஷின் ஓடாது. சரி, எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எனக்கு 38 வயது. வீட்டின் முன்னறைதான் என் தையல் கடை. பிளவுஸ், பஞ்சாபி சூட், பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்குப் பரதநாட்டிய உடுப்பு, இதுதான் பிழைப்பு. பெரியவள் படிவம் 1, சின்னவன் தமிழ்ப்பள்ளியில் ஆண்டு 3. உடம்பில் ஒரு நோயும் இல்லை. ஆனால் பி.ஆர்.சி.ஏ. 1 மரபணுவில், மார்பிலும் ஓவரியிலும் (சினைப்பையில்) புற்று வரும் ஆபத்தைக் கூட்டுகிற கோளாறு இருக்கிறது என்று ரத்தப் பரிசோதனையில் வந்துவிட்டது.

எப்படித் தெரிந்தது என்றால், கோலாலம்பூரில் இருக்கும் பெரியம்மா மகளுக்கு 41 வயதில் மார்பகப் புற்று வந்தது. ஹார்மோன் மருந்துக்குக் கட்டுப்படாத 'ட்ரிப்பிள் நெகட்டிவ்' வகை. பெரியம்மாவும் மார்பகப் புற்றில் போனவர், என் அம்மா ஓவரிப் புற்றில் போனவர் என்று கேட்டதும் அங்கே டாக்டர் மரபணுவைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அவளுக்கு இருந்தது. அம்மாவுக்கும் இருந்திருக்க வேண்டும், அப்படியென்றால் எனக்கும் தங்கச்சிக்கும் பாதிக்குப் பாதி என்றார்கள். எனக்கு விழுந்துவிட்டது. தங்கச்சி இன்னும் பார்க்கவில்லை.

மரபணு ஆலோசகர் ஒரு தாள் கொடுத்தார். நூறு பொம்மை. 80 வயதுக்குள் 72 பொம்மைக்கு மார்பகப் புற்று வரும், 44 பொம்மைக்கு ஓவரியில் வரும். ஓவரியையும் கருக்குழாயையும் 35-லிருந்து 40-க்குள் எடுத்துவிடுவது நல்லது, உங்களுக்குப் பிள்ளைகளும் ஆகிவிட்டது என்றார் டாக்டர். மார்பை எடுக்கலாம், அல்லது வருஷா வருஷம் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் மேமோகிராமும் (மார்பக எக்ஸ்ரே) எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், அது உங்கள் விருப்பம் என்றார்.

ஓவரி விஷயத்தில் எனக்குப் பெரிய போராட்டம் இல்லை. ஏன் என்று சொல்கிறேன். அம்மா நிபோங் திபால் பக்கம் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை செய்தவர். அவருக்கு எல்லாம் நான்தான் தைப்பேன். என் பழைய அளவு நோட்டுகளை நான் தூக்கிப் போடுவதில்லை. அந்த வருஷத்து நோட்டில் அம்மாவின் பக்கம் இப்படி இருக்கிறது: பொங்கலுக்கு வயிறு 35, கை சுற்று 13. சித்திரை வருஷப் பிறப்புக்கு வயிறு 37½, கை 12½. ஆடியில் வயிறு 41, கை 11½. "காத்து அடைச்சிருக்கு, ரெண்டு வாய் சாப்பிட்டாலே நிறைஞ்சிடுது" என்பார். கிளினிக்கில் மூன்று தடவை கேஸ்ட்ரிக் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். நான் பஞ்சாபி சூட்டின் பக்கத் தையலைப் பிரித்து, உள்மடிப்பில் இருந்த துணி மொத்தத்தையும் விட்டேன். அதே நாள், அதே சூட்டில், கையைப் பிடித்துத் தைத்தேன். வயிறு பெருக்கிற பெண்ணுக்குக் கை ஏன் இளைக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. அளவெடுப்பது என் தொழில்.

ஸ்கேனில் பார்த்தபோது மூன்றாம் கட்டம். வயிற்றில் இருந்தது தண்ணீர். பதினான்கு மாதம் இருந்தார். போகும்போது 52 வயது.

ஓவரிக்கு முன்கூட்டியே கண்டுபிடிக்கிற நம்பகமான பரிசோதனை கிடையாது என்று டாக்டர் சொன்னபோது அந்த நோட்டுதான் கண்ணுக்குள் வந்தது. எடுத்துவிடுங்கள் என்று அங்கேயே சொல்லிவிட்டேன்.

மார்பு வேறு. மார்பகப் புற்று வந்து எடுத்த இரண்டு பேருக்கு நான் பிளவுஸ் தைத்திருக்கிறேன். ஒருவருக்கு உள்ளே லைனிங்கில் பை வைத்து, கடுகு நிரப்பிய பஞ்சு உருண்டை வைக்கும்படி செய்து கொடுத்தேன், எடை இல்லாவிட்டால் ஒரு பக்கம் ஏறிக்கொள்கிறது என்றார். கைக்குழி அளவெடுக்கக் கையைத் தூக்கச் சொன்னால் காது வரைக்கும்தான் போனது. என் வேலை முழுக்கக் கையில்தான் இருக்கிறது. துணி வெட்டும்போது மேசை மேல் முழுதாகச் சாய்ந்து எட்டுகிறவள் நான்.

மாமியார் "நல்லா இருக்கிற உடம்புல யாராச்சும் கத்தி வைப்பாங்களா?" என்கிறார். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், "உனக்கு எது சரியோ அதுதான்" என்கிறார். நல்ல மனுஷன்தான், ஆனால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? 2013-ல் ஏஞ்சலினா ஜோலி மார்பை எடுத்ததைச் சொன்னேன். "அந்தம்மா நடிகை, அதுக்குக் காசு இருக்கு" என்று மாமியார் முடித்துவிட்டார். (ஜோலி மார்பைத்தான் முதலில் எடுத்தார், ஓவரியை 2015-ல்தான். எனக்கு டாக்டர் சொல்கிற வரிசை தலைகீழ்.)

கேட்க வந்தது இதுதான். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்கள் இருக்கிறீர்களா, தனித்தனியாகவா? மார்பை வைத்துக்கொண்டு பரிசோதனையிலேயே காலம் தள்ளுகிறவர்களுக்கு மனசு எப்படி இருக்கிறது? எத்தனை நாளில் வேலைக்குத் திரும்பினீர்கள்? அப்புறம் தங்கச்சி. 29 வயது, கல்யாணப் பேச்சு முடிகிற நேரம். "இப்ப எதையும் கிளப்பாதே, மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான்" என்கிறார்கள் உறவில்.

செந்தூல் அக்கா

தங்கச்சி, உன் அம்மாவின் அளவு நோட்டைப் படித்துவிட்டு அடுப்பை அணைத்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

எனக்கு 47. எனக்கு பி.ஆர்.சி.ஏ. 2. அதில் ஓவரி ஆபத்து உன்னுடையதைவிடக் குறைவு, 80 வயதுக்குள் நூற்றுக்கு 17 என்றார்கள், அதனால் 40-லிருந்து 45-க்குள் எடுத்தால் போதும் என்று விட்டார்கள். 42-ல் எடுத்தேன். அது ஒன்றுமே இல்லை என்று சொல்வேன், அறுவையைச் சொல்கிறேன். வயிற்றில் மூன்று நான்கு சின்னத் துளை, மறுநாள் வீடு, இரண்டு வாரத்தில் ஆபீஸ். தோள்பட்டையில்தான் இரண்டு நாள் வலி. வயிற்றுக்குள் அடிக்கிற காற்று அங்கே போய்க் குத்துமாம். யாரும் முன்னால் சொல்லவில்லை, மாரடைப்போ என்று பயந்துவிட்டேன்.

விஷயம் அதற்கப்புறம்தான். மாதவிலக்கு மெதுவாக நிற்பது வேறு, ஒரே நாளில் நிற்பது வேறு. பத்து நாளில் ஆரம்பித்தது. எல்.ஆர்.டி. ரயிலில் ஏர்கோன் நேராகத் தலையில் அடிக்கிறது, எனக்குக் கழுத்திலிருந்து ஊற்றுகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீனப் பாட்டி எழுந்து இடம் கொடுத்தார். கேமரன் மலைக்குப் போயும் வேர்த்தது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து நைட்டி மாற்றுவேன். சின்னச் சின்னதற்கெல்லாம் அழுகை. மகன் "அம்மா, சோறு கொஞ்சம் குழைஞ்சிருக்கு" என்றதற்கு அழுதிருக்கிறேன்.

நான் ஏழு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன், ஹார்மோன் எடுத்தால் மார்பில் புற்று வந்துவிடும் என்ற பயம். அது என் முட்டாள்தனம். மார்பகப் புற்று வராதவர்களுக்கு, இயற்கையாக நிற்கிற வயது வரைக்கும், சுமார் 50 வரை, கொடுக்கலாம் என்று டாக்டர் விளக்கினார். கருப்பை இருந்தால் இரண்டு ஹார்மோனும் வேண்டும், கருப்பையையும் எடுத்திருந்தால் ஒன்று போதும். ஒட்டுகிற பட்டை வாங்கி ஒட்டிக்கொண்டேன். மூன்றாம் வாரம் மனுஷி ஆனேன். எலும்பு ஸ்கேன் ஒன்று எடுத்து வைத்துக்கொள், ஓவரி போனால் எலும்பு தேயும். இன்னொன்று, கூச்சப்படாமல் சொல்கிறேன், கீழே வறட்சி வரும், புருஷன் பெண்டாட்டிக்குள் அது பெரிய விஷயம். அதற்கும் மருந்து இருக்கிறது. டாக்டர் கேட்கும்வரை காத்திருக்காதே, அவர் கேட்க மாட்டார்.

மார்பை நான் எடுக்கவில்லை. வருஷத்துக்கு ஒரு எம்.ஆர்.ஐ., ஆறு மாதம் தள்ளி ஒரு மேமோகிராம். எம்.ஆர்.ஐ.யில் குப்புறப் படுக்க வேண்டும், மார்பு இரண்டும் இரண்டு ஓட்டைக்குள் தொங்கும், அரை மணி நேரத்துக்கு மேல் அசையாமல் அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டும். அது பழகிவிடும். பழகாதது ரிசல்ட் வருகிற வரைக்கும் இருக்கிற நாட்கள். ஒரு வருஷம் கூப்பிட்டு ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். ஒன்பது நாள். ஒன்றும் இல்லை என்று வந்தது. அந்த ஒன்பது நாளில் மார்பை எடுத்துவிடுகிறேன் என்று மூன்று தடவை முடிவு பண்ணினேன். பத்தாம் நாள் மறந்துவிட்டேன். என் சுபாவம் அப்படி, மறந்துவிட முடியும். உன்னால் முடியுமா என்று நீதான் பார்க்க வேண்டும்.

மார்புக்குக் காவல் போடலாம், ஓவரிக்கு முடியாது. அதனால் டாக்டர் சொன்ன வரிசை சரிதான். இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

இயற்கை விரும்பி

வணக்கம் சகோதரி. கத்தி வேண்டாம். டுரியான் பெலாண்டா (முள் சீத்தா) இலை பத்து, மூன்று டம்ளர் தண்ணீரை ஒன்றாக வற்ற வைத்து வெறும் வயிற்றில் குடித்து வாருங்கள். இறைச்சியை நிறுத்துங்கள். மரபணு என்று சொல்லிப் பயமுறுத்துவது வியாபாரம். மனதை அமைதியாக வைத்தால் உடல் தானே சரிசெய்துகொள்ளும்.

தையல்காரி, பிறை

ஐயா, அம்மாவுக்கு அந்த இலையை நான்தான் பறித்து வந்து வேகவைத்தேன். பக்கத்து வீட்டு மரம். மூன்று மாதம். மரத்தில் கீழ்க்கிளை மொட்டையாகிவிட்டது. அம்மா நான் கஷ்டப்படக் கூடாது என்பதற்காகக் குடித்தார். அவர் மனதும் அமைதியாகத்தான் இருந்தது. இதற்கு மேல் இந்தப் பேச்சு வேண்டாம்.

செந்தூல் அக்கா, தோள்பட்டை வலியைச் சொன்னதற்கு ரொம்ப நன்றி. எழுதி வைத்துக்கொண்டேன்.

கிள்ளான்காரி

நான் இரண்டு மார்பையும் எடுத்தவள். 36 வயதில், பி.ஆர்.சி.ஏ. 1, புற்று வரவில்லை. இரண்டு வருஷம் ஆகிறது.

முதலில் உங்கள் வாடிக்கையாளர் கையைப் பற்றி. அவர் புற்று வந்து எடுத்தவர், அக்குளில் நெறிகட்டிகளையும் எடுத்திருப்பார்கள், கதிர்வீச்சும் இருந்திருக்கலாம். அதனால்தான் கை தூக்க வராது, வீங்கும். வருமுன் எடுக்கிறவர்களுக்குப் பொதுவாக அக்குளைத் தொடுவதில்லை. எனக்கு ஆறாவது வாரம் கை முழுதாக மேலே போனது. சுவரில் விரலால் ஏறுகிற பயிற்சி சொல்லித் தருவார்கள், தினமும் செய்தேன். கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டு வைப்பேன், பிள்ளைகள் உயரத்தைக் குறிக்கிற மாதிரி.

முதல் பத்து நாள் மோசம். இரண்டு பக்கமும் குழாய், நுனியில் உருண்டைப் புட்டி, ரத்தத் தண்ணீர் சேரும், காலையும் மாலையும் அளந்து எழுத வேண்டும். அம்மாவின் நைட்டிக்குள் பாக்கெட் தைத்து அதில் போட்டுக்கொண்டேன். நீங்கள் தையல்காரி, இதை முன்னாடியே தைத்து வைத்துக்கொள்ளலாம்.

யாரும் சரியாகச் சொல்லாதது மரத்துப்போவது. வலி போய்விடும், உணர்ச்சி திரும்ப வராது, எனக்கு வரவில்லை. சுடுநீர்ப் பையை நெஞ்சில் வைத்துத் தூங்கிக் கொப்புளம் போட்டபோது வாசனையில்தான் தெரிந்தது. மகன் ஓடி வந்து நெஞ்சில் சாய்கிறான், அவன் தலை இருக்கிறது என்று கண் சொல்கிறது, தோல் சொல்லவில்லை. அதற்கு அழுதேன். மார்பு போனதற்கு அழவில்லை.

சிலிக்கான் வைப்பதா, வயிற்றுச் சதையை எடுத்து வைப்பதா என்று கேட்டார்கள். எதுவும் வேண்டாம், தட்டையாகத் தைத்துவிடுங்கள் என்றேன். டாக்டர் மூன்று தடவை "நிச்சயமாகவா?" என்றார். இன்னொரு அறுவை, பத்துப் பதினைந்து வருஷத்தில் மாற்ற வேண்டி வருமோ என்ற எண்ணம், எனக்கு அதெல்லாம் ஆகாது. காம்பை விட்டு உள்ளே மட்டும் எடுத்து சிலிக்கான் வைத்துக்கொண்ட தோழி ஒருத்தி இருக்கிறாள், நன்றாகத்தான் இருக்கிறாள். அவளவள் இஷ்டம்.

காசு விஷயம். என் மெடிக்கல் கார்டு கம்பெனி, நோய் இல்லாததால் இது சிகிச்சையில் சேராது என்று இரண்டு வரியில் கடிதம் அனுப்பியது. பதினோரு வருஷம் பிரிமியம் கட்டியவள் நான். அரசாங்க ஆஸ்பத்திரியில் காத்திருந்து செய்தேன். நீங்கள் எதையும் முடிவு பண்ணுவதற்கு முன்னால் உங்கள் பாலிசியை வரி வரியாகப் படியுங்கள்.

எனக்கு ஏன் எடுக்கத் தோன்றியது என்றால், நான் மறக்கிற ஆள் இல்லை. அக்கா சொன்ன அந்த ஒன்பது நாள் எனக்கு வருஷம் முழுக்க இருந்தது. குளிக்கும்போது கை தானாகப் போய்த் தடவும். மகனுக்கு எண்ணெய் தேய்க்கும்போதும் நினைப்பு அங்கேதான். இப்போது நூற்றில் தொண்ணூறு பங்கு ஆபத்து போய்விட்டது என்றார்கள், ஒட்டியிருக்கிற கொஞ்சச் சதைக்கு மிச்சம் ஆபத்து உண்டு. அந்த மிச்சத்தோடு தூங்க முடிகிறது.

ஒரே குறை, எந்தத் தையல் கடைக்குப் போனாலும் "பேட் வச்சிடலாம் அக்கா, யாருக்கும் தெரியாது" என்கிறார்கள். தெரிந்தால் எனக்குப் பரவாயில்லை என்று சொன்னால் அவர்களுக்குப் புரியவில்லை. இரண்டு தீபாவளிக்குச் சேலையே கட்டவில்லை.

கோப்பி ஓ

ஆண்கள் எழுதலாமா தெரியவில்லை. சுருக்கமாக முடிக்கிறேன். இது அம்மா வழியில் மட்டும் வருவது இல்லை. எனக்கு பி.ஆர்.சி.ஏ. 2 இருக்கிறது, அப்பா வழி. அத்தைகள் இரண்டு பேர் போனபோது "அது அந்தக் குடும்பத்துக் கஷ்டம்" என்று விட்டுவிட்டோம், நம் ரத்தம் என்று யாரும் நினைக்கவில்லை. ஆண்களுக்கும் புரோஸ்டேட், கணையம், அபூர்வமாக மார்பிலும் வரலாம், இப்போது நானும் பரிசோதனைக்குப் போகிறேன். எனக்கு இரண்டு மகள்கள். சகோதரிக்குத் தாய்மாமன் இருந்தால் அவரிடமும் சொல்லுங்கள், அவருக்கும் பிள்ளைகள் இருப்பார்கள்.

ஓய்வுபெற்ற தாதி

27 வருஷம் பெண்கள் வார்டில் இருந்தேன். சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன் மா.

ஓவரியை மட்டும் எடுத்தால் போதாது, கருக்குழாயும் முழுதாக வர வேண்டும். ஓவரிப் புற்று என்று நாம் சொல்வதில் நிறைய, குழாயின் விரல் மாதிரி இருக்கும் நுனியில்தான் தொடங்குகிறது என்று இப்போது தெரிந்திருக்கிறது. எடுத்ததைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பும் தாளில் பி.ஆர்.சி.ஏ. என்று எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் சாதாரண மாதிரி இரண்டு மூன்று துண்டு போட்டுப் பார்ப்பார்கள். எழுதினால் அந்த நுனியை மெல்லிசாகச் சீவி முழுதும் பார்ப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத புற்று சிலருக்கு அதில்தான் அகப்படும்.

குழாயை மட்டும் இப்போது எடுத்து, ஓவரியைப் பிறகு எடுக்கலாமா என்று நெதர்லாந்திலும் பிரிட்டனிலும் ஆய்வு நடக்கிறது. உடனே மாதவிலக்கு நிற்காது என்பதால் ஆசையாக இருக்கும். அது ஓவரியை எடுப்பது அளவுக்குக் காப்பாற்றும் என்று இன்னும் நிரூபணம் ஆகவில்லை. உங்கள் வயதுக்கும் பி.ஆர்.சி.ஏ. 1-க்கும் டாக்டர் சொன்னதுதான் இன்றைய வழி. எடுத்த பிறகும் வயிற்றுச் சவ்வில் சின்ன ஆபத்து மிச்சம் உண்டு, பூஜ்யம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஓவரியை எடுத்தால் மார்பு ஆபத்தும் பாதியாகும் என்று முன்பு நாங்களே நோயாளிகளிடம் சொல்லியிருக்கிறோம். பிறகு வந்த ஆய்வுகளில், முக்கியமாக பி.ஆர்.சி.ஏ. 1-இல், அது அப்படி இல்லை என்று தெரிகிறது. அந்தக் கணக்கை நம்பி மார்புப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள்.

அம்மா நோட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஓவரிப் புற்றை முன்கூட்டியே பிடிக்க முடியுமா என்று பிரிட்டனில் இரண்டு லட்சம் பெண்களைப் பல வருஷம் பின்தொடர்ந்தார்கள். மரபணுக் கோளாறு உள்ளவர்கள் என்று இல்லை, பொதுவான பெண்கள்தான். ஒரு கூட்டத்துக்கு வருஷா வருஷம் சி.ஏ. 125 ரத்தப் பரிசோதனை, ஒரு கூட்டத்துக்கு ஸ்கேன், மற்றவர்களுக்கு எதுவும் இல்லை. 2021-ல் கணக்குப் பார்த்தால் அந்தப் புற்றால் இறப்பு குறையவே இல்லை. ஆஸ்பத்திரியும் மெஷினும் வைத்துக்கொண்டு அவர்களால் முடியாததை ஒரு அளவு நாடாவை வைத்துக்கொண்டு நீங்கள் செய்திருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்.

தங்கச்சிக்கு: உங்கள் குடும்பத்தில் மரபணுவின் எந்த எழுத்து பிசகியது என்று தெரிந்துவிட்டதால் அந்த ஒன்றை மட்டும் பார்த்தால் போதும், முழு மரபணுவையும் தேட வேண்டியதில்லை, செலவும் குறைவு. அவளுக்குக் கோளாறு இருந்தாலும் 29 வயதில் யாரும் கத்தி எடுக்கச் சொல்ல மாட்டார்கள். வருஷம் ஒரு எம்.ஆர்.ஐ., 30 ஆனதும் மேமோகிராமும், பிள்ளை பெற்றுக்கொள்ளக் காலம் இருக்கிறது. இல்லை என்று வந்தால் அவள் எல்லாரையும் போல. மருத்துவர்களே புரியாமல் விடுகிற மூன்றாவது வகை ஒன்று உண்டு, 'மாற்றம் இருக்கிறது, கெட்டதா தெரியாது' என்று ரிசல்ட் வரும். நம் ஆசியப் பெண்களுக்கு அது அதிகம், ஏனென்றால் உலகத்தில் சேர்ந்த கணக்கு பெரும்பாலும் வெள்ளைக்காரப் பெண்களுடையது. சுபாங் ஜெயாவில் இருக்கிற கேன்சர் ரிசர்ச் மலேசியாவும் மலாயாப் பல்கலைக்கழகமும் சேர்ந்து நம் நாட்டுப் பெண்களை வைத்து ஆய்வு செய்வது அந்த இடைவெளிக்காகவும்தான். அப்படி 'தெரியாது' என்று வந்ததை வைத்து யாரும் மார்பையோ ஓவரியையோ எடுக்கக் கூடாது, அப்படி எடுத்துவிட்டு அழுதவரை நான் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு வந்தது அது இல்லை, நிச்சயமான கோளாறு என்று தாளில் இருக்கிறதா, ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

தையல்காரி, பிறை

மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னியுங்கள், தீபாவளி ஆர்டர் கழுத்து வரைக்கும் இருக்கிறது.

தாதியம்மா, தாளைப் பார்த்தேன். நிச்சயமான கோளாறு என்றுதான் இருக்கிறது. அளவு நாடா பற்றி நீங்கள் எழுதியதை வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, வெளியே போய் லாரிக்குத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார், சாயந்திரம் வந்து "தேதி வாங்கிட்டியா?" என்றார். வாங்கிவிட்டேன். தீபாவளி முடிந்து இரண்டாம் வாரம். குழாயும் ஓவரியும். தாளில் பி.ஆர்.சி.ஏ. என்று எழுதுவீர்களா என்று டாக்டரைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார், யார் சொன்னது என்றார்.

மாமியார் இன்னும் சரி என்று சொல்லவில்லை. ஆனால் இரண்டு வாரத்துக்குச் சமையல் தன்னுடையது என்று சொல்லிவிட்டார், "அப்பவும் நான் ஒத்துக்கிட்டேன்னு நினைக்காதே" என்ற சேர்க்கையோடு.

மார்பை இப்போதைக்கு வைத்துக்கொள்கிறேன். முதல் எம்.ஆர்.ஐ. ஜனவரியில். நான் மறக்கிற ஆளா, கிள்ளான் தங்கச்சி மாதிரியா என்று அப்போது தெரிந்துவிடும். இப்போதே எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, அளவு நோட்டைத் தூக்கிப் போடாதவள் எதை மறக்கப் போகிறேன்.

தாய்மாமா மலாக்காவில் இருக்கிறார். கோப்பி ஓ அண்ணா எழுதியதைப் பார்த்துத்தான் போன் செய்தேன். "எனக்கு என்ன மார்பா இருக்கு" என்று சிரித்தார். அவர் மகளின் நம்பரை வாங்கிக்கொண்டேன்.

தங்கச்சி பரிசம் போடுகிற அன்றைக்குக் கட்டப் போகிற சேலைக்குப் பிளவுஸ் அளவு கொடுக்க வந்தாள். நெஞ்சில் டேப்பைச் சுற்றிக்கொண்டு நிற்கும்போதே சொல்லிவிட்டேன், அப்போதுதான் அவளால் எழுந்து போக முடியாது. எண்ணைப் படிக்க மறந்துவிட்டேன், மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. நூறு பொம்மைத் தாளை வாங்கி எட்டாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். பரிசோதனைக்கு இன்னும் போகவில்லை. ஆனால் மாப்பிள்ளைப் பையனிடம் அவளே சொல்லியிருக்கிறாள். அவன் முதலில் கேட்டது, "அது என்ன ஸ்பெல்லிங்?" தேடிப் படிக்கிறானாம்.

கிள்ளான் தங்கச்சி, உங்கள் பிளவுஸை நான் தைக்கிறேன். பேட் கிடையாது. நீங்கள் போன கடைகளில் வழக்கமான கட்டிங்கிலேயே தைத்துவிட்டு உள்ளே நிரப்பப் பார்த்திருக்கிறார்கள், அதுதான் தப்பு. மார்புக்கான டாட் (வளைவுக்காகப் பிடிக்கிற தையல்) எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும், கைக்குழிப் பக்கம் மட்டும் சின்னதாக ஒன்று, இல்லாவிட்டால் அங்கே வாய் பிளக்கும். முன் உயரத்தை ஒன்றரை இஞ்ச் குறைக்க வேண்டும், அதை விட்டால்தான் முன்பக்கம் பை மாதிரி தொங்கும். கழுத்து படகு வடிவம், தோளுக்குத் தோள். லைனிங் ஒரே துண்டு, பழைய வேட்டித் துணி மாதிரி மெல்லிசான பருத்தி, தழும்பு மேல் ஒரு தையலும் வராது. உணர்ச்சி இல்லாத இடம் என்பதால் ஊக்கு குத்தினாலும் உங்களுக்குத் தெரியாது, ஆகவே முன்னால் ஊக்கு வேண்டாம், பக்கவாட்டில் ஜிப் வைக்கிறேன். முந்தானையைச் சின்ன மடிப்பாக மடித்துக் குத்தாமல் ஒற்றையாக விடுங்கள், படகுக் கழுத்துக்கு அதுதான் அழகு.

தோள், கை நீளம், கை சுற்று, முதுகு உயரம், நெஞ்சுச் சுற்று, இடுப்பு அனுப்புங்கள். நெஞ்சுச் சுற்றை வேறு யாரையாவது எடுக்கச் சொல்லுங்கள், டேப் இறுக்குகிறதா என்று உங்களுக்குத் தெரியாது, ஒரு விரல் உள்ளே போக வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் வந்தால் தீபாவளிக்குக் கிடைக்கும்.